‘வாட்ச்’ என்றால் பார்ப்பதா, விழித்திருப்பதா?

எழுத்தாணி:

வணக்கம். நான்கு நாளாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

இங்கிலாந்தின் பழைய ஊர் வாழ்க்கையைப் பற்றிய ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘வாட்ச்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது, வருகிற ஒவ்வோர் இடத்திலும் வேறு மாதிரி நிற்கிறது. ஊர் ஆண்கள் முறை வைத்து ‘வாட்ச் அண்ட் வார்டு’ பார்த்தார்கள் என்று ஓர் இடம். நான் ‘காவலும் காவலும்’ என்றா எழுத முடியும்? ஒரே ‘காவல்’ என்று சுருக்கிவிட்டேன், ஆனால் மூலத்தில் இரண்டு சொல் இருக்கும்போது ஒன்றை விழுங்கிவிட்டோமே என்று உறுத்துகிறது. அடுத்து, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் தாய் இரவு முழுக்க ‘வாட்ச்’ செய்தாள் என்று வருகிறது. ‘பார்த்துக்கொண்டே இருந்தாள்’ என்று எழுதினேன், மெய்ப்புப் பார்த்தவர் தப்பு என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார், ஏன் தப்பு என்று சொல்லவில்லை. மூன்றாவதாக ‘இரவின் மூன்றாவது வாட்ச்’ என்கிறார்கள். அது ஷிப்டா, நேரமா?

இன்னொன்று. கையில் கட்டும் வாட்சுக்கு அந்தப் பெயர் வந்ததே இரவுக் காவலாளிகளால்தான் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அகராதியில் முதல் பொருளாக ‘கவனி, பார்’ என்றுதான் போட்டிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இந்த நான்கையும் கோக்க முடியவில்லை.

—

வேர்ச்சொல்:

மெய்ப்புப் பார்த்தவர் சரியாகத்தான் வட்டம் போட்டிருக்கிறார். இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் பார்ப்பது இல்லை, தூங்காமல் இருப்பது. பழைய ஆங்கிலத்தில் இது ‘வெச்சே’ என்பது போல ஒலித்தது. விழிப்பு, கண் விழித்திருத்தல் என்று பொருள். இன்றைய ‘வேக்’ இருக்கிறதே, தூக்கம் கலைவதற்குச் சொல்வது, அதுவும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. இரவில் ஊரைக் காக்கிறவன் செய்ய வேண்டிய முதல் வேலை தூங்காமல் இருப்பது என்பதால் விழிப்பு என்ற சொல்லே காவலுக்குப் பெயராயிற்று. விழித்திருப்பவன் சும்மா இருக்க மாட்டான், எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான், அதனால் ‘கூர்ந்து பார்’ என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று அந்தக் கடைசிப் பொருள் முன்னால் வந்துவிட்டதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம். அந்தத் தாய் குழந்தையைப் பார்த்தாள் என்பது இரண்டாம்பட்சம், அவள் கண் விழித்துக் கிடந்தாள் என்பதுதான் அங்கே செய்தி.

லத்தீனிலிருந்து வந்த ‘விஜில்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான், அதிலும் விழிப்புதான் கரு. இறந்தவர் உடலுக்குப் பக்கத்தில் இரவு உட்கார்ந்திருப்பதை ஆங்கிலத்தில் ‘வேக்’ என்றே சொல்வார்கள். நம் ஊரிலும் பிணத்தைத் தனியாக விடாமல் விடிய விடிய உட்கார்ந்திருப்போமே, அதே. மரத்தைக் குடைகிற ஒரு வண்டுக்கு ‘டெத்வாட்ச்’ என்று பெயர். அது பழைய உத்தரங்களுக்குள் தலையை மோதித் தட்டும் சத்தம், சாகக் கிடப்பவர் அருகே ஒருவர் ஓசையில்லாமல் விழித்திருக்கும் இரவில்தான் காதில் விழும். பெயர் அங்கிருந்து வந்தது. பார்ப்பதற்கும் அந்த வண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

‘வார்டு’ வேறு குடும்பம். பழைய வடிவம் ‘வெயர்டு’, காப்பவன் அல்லது காப்பு. இது ஆங்கிலத்தில் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பதில் எனக்குத் தனி ஆசை. ‘லார்டு’ என்பது முதலில் ‘ஹ்லாஃப்வெயர்டு’, அதாவது ரொட்டியைக் காப்பவன். அவனுக்கு ஜோடியான ‘லேடி’யில் மட்டும் ‘வார்டு’ இல்லை, அவள் மாவு பிசைகிறவள். ‘ஸ்டீவர்டு’ வீட்டைக் காப்பவன். எட்வர்டு என்ற பெயருக்கே செல்வத்தைக் காப்பவன் என்று பொருள். இதே ஜெர்மானியச் சொல்லை பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் வாயில் முதலெழுத்து ‘க’ ஆகி, ‘கார்டு’ என்று மறுபடி இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தது. ஆனால் வடக்குப் பிரான்ஸ் பேச்சில் பழைய ‘வ’ அப்படியே நின்றது. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘வார்டன்’ ஒன்றும் ‘கார்டியன்’ ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு வேடங்கள். ‘வார்ட்ரோப்’ கூட ஆடையைக் காக்கும் இடம்தான்.

ஆகவே ‘வாட்ச் அண்ட் வார்டு’ என்றால் விழித்தலும் காத்தலும். காவலும் காவலும் அல்ல.

—

பழைய வக்கீல்:

வேர்ச்சொல் வேரைச் சொல்லிவிட்டார், சட்டத்தில் அது எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன். அங்கே இந்த இரண்டு சொல்லும் சும்மா ஓசைக்காகச் சேர்ந்தவை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் தெளிவாகப் பிரித்தே எழுதுகிறார்: வார்டு பெரும்பாலும் பகல் வேலை, கலவரக்காரர்களையும் வழிப்பறிக்காரர்களையும் பிடிப்பதற்கு. வாட்ச் இரவுக்கு மட்டும் உரியது. எழுத்தாணி, உங்கள் கட்டுரையில் அந்த இணை வரும் இடத்தில் ‘பகற்காவலும் இராக்காவலும்’ என்று போட்டால் சட்டப்படி சுத்தமாக நிற்கும்.

இதற்கெல்லாம் அடிப்படை 1285இல் முதலாம் எட்வர்டு காலத்தில் வந்த வின்செஸ்டர் சட்டம். அதைப் படித்தால் ஓர் ஊர் இரவில் எப்படிப் பயந்து கிடந்தது என்று கண்ணுக்குத் தெரியும். மதில் உள்ள ஊர்களின் கதவைச் சூரியன் மறைந்ததும் சாத்தி, மறுபடி உதிக்கும்வரை திறக்கக் கூடாது. கிறிஸ்து விண்ணேறிய திருநாளில் தொடங்கி செப்டம்பர் 29, அதாவது மிக்கேல் சம்மனசு திருநாள் வரை ஒவ்வோர் இரவும் காவல் போட வேண்டும். பெருநகரமாக இருந்தால் வாசலுக்கு 6 பேர், சிறு நகரத்துக்கு 12 பேர், கிராமம் என்றால் ஆள்தொகையைப் பொறுத்து 6 பேரோ 4 பேரோ. தெரியாத ஆள் அந்தப் பக்கம் வந்தால் பிடித்து விடியும்வரை வைத்திருக்க வேண்டும், சந்தேகம் இல்லை என்றால் காலையில் விட்டுவிடலாம், இருந்தால் மன்னரின் மாவட்ட அதிகாரியான ஷெரிப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அவன் பிடிகொடுக்காமல் ஓடினால் கூச்சல் போட்டு ஊர் ஊராக எல்லோரும் துரத்த வேண்டும். சந்தை ஊர்களுக்குப் போகும் பெருவழிகளின் இரு புறமும் 200 அடிக்குப் புதர் பள்ளம் எதுவும் இருக்கக் கூடாது என்றுகூட அதில் இருக்கிறது, கள்ளன் மறைந்து நிற்க இடம் கொடுக்கக் கூடாதாம்.

கவனிக்க வேண்டியது, இந்த 6 பேரும் 12 பேரும் சம்பள ஆட்கள் இல்லை. அந்தந்த ஊர்க்காரர்கள், முறை வரும்போது வந்து நிற்க வேண்டியது கடமை. பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரி வந்து நிற்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். வசதி உள்ளவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒரு ஆளைக் காசு கொடுத்து நிறுத்தினார்கள், அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் வேறு வேலை கிடைக்காத முதியவர்கள். அப்புறம் அதுவே கூலி வேலை ஆனது. லண்டன் தெருக்களில் விளக்கும் தடியுமாக நடந்து, மணி இத்தனை ஆயிற்று என்றும் வானிலை எப்படி இருக்கிறது என்றும் கூவிக்கொண்டு போன ‘வாட்ச்மேன்’ அவர்தான். 1829இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டன் மாநகரப் போலீசை அமைத்தபோது அந்த வேலை மெல்ல மறைந்தது. புதிய போலீசார் முதல் முறை தெருவில் இறங்கிய நாள் அந்த ஆண்டு செப்டம்பர் 29. வின்செஸ்டர் சட்டத்தில் இராக்காவல் முடிகிற அதே நாள்! திட்டமிட்டு வைத்ததோ இல்லையோ, முதல் தடவை கவனித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சொல் மட்டும் சாகவில்லை. 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், ஊர்ப் போலீசை மேற்பார்வை செய்யும் குழுவுக்கு ‘வாட்ச் கமிட்டி’ என்றே பெயர் வைத்தது, 1964ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம்வரை அது இருந்தது. நம் பக்கமும் அந்த இணை வந்து தங்கிவிட்டது. ரயில்வேயில் இப்போதுள்ள பாதுகாப்புப் படைக்கு 1957இல் சட்டம் வருவதற்கு முன்னால் ‘வாட்ச் அண்ட் வார்டு’ என்றுதான் பெயர். நாடாளுமன்றக் காவலுக்கும் 2009 வரை அதே பெயர். சட்டமன்றச் செய்திகளில் இன்றும் அடிபடுகிறது. பகலில் கூடும் சபைக்கு ‘வாட்ச்’ எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, அந்த வேறுபாடு வழியிலேயே தேய்ந்துவிட்டது.

—

எழுத்தாணி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. தாய் விஷயம் இப்போது புரிகிறது. ‘இரவு முழுக்கக் கண் விழித்துக் கிடந்தாள்’ என்று மாற்றிவிட்டேன், படித்தால் அவளே எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. ஆனால் ‘மூன்றாவது வாட்ச்’ இன்னும் அப்படியே நிற்கிறது. கைக்கடிகாரக் கேள்வியும். ‘வாட்ச்மேன்’ என்பதை அப்படியே விட்டால் நம் வாசகருக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வந்துவிடுகிறார், 13ஆம் நூற்றாண்டுக்கு அது ஒட்டவில்லை.

—

வேதவாசகி:

எழுத்தாணி தம்பி, உங்கள் கேள்விக்கு நம் பழைய தமிழ் வேதாகமத்தில் விடை தயாராக இருக்கிறது. சின்ன வயதிலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து வாசித்துப் பழகியவள் என்பதால் சொல்கிறேன். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் ‘வாட்ச்’ வரும் இடங்களை எடுத்துத் தமிழோடு வைத்துப் பாருங்கள், மொழிபெயர்த்தவர்கள் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்கவில்லை.

பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீஷர்களிடம் சொல்லும் இடம்: ‘என்னோடேகூட விழித்திருங்கள்’. ஆங்கிலத்தில் அங்கே ‘வாட்ச்’. என்னைப் பாருங்கள் என்று அவர் கேட்கவில்லை, தூங்கிவிடாதீர்கள் என்று கேட்கிறார், அவர்களோ தூங்கிவிடுகிறார்கள். அந்த வேதனையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மேய்ப்பர்கள் ராத்திரியில் வயல்வெளியில் ‘வாட்ச்’ செய்தார்கள் என்கிற இடத்தில் தமிழ் ‘மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்’ என்கிறது. இயேசு கடலின் மேல் நடந்து வரும் இடத்தில் ‘இரவின் நாலாம் ஜாமத்திலே’. ஆங்கிலத்தில் அங்கேயும் ‘வாட்ச்’தான்! உங்கள் மூன்றாவது வாட்ச் மூன்றாம் ஜாமம், அவ்வளவுதான். ரோமர்கள் இரவை நான்கு காவல் வேளையாகப் பிரித்தார்கள், யூதர்களுடைய பழைய கணக்கு மூன்று. நமக்கும் யாமம் என்ற சொல் சங்க காலத்திலிருந்து இருக்கிறது.

‘வாட்ச்மேன்’ வரும் சில இடங்களில் ‘ஜாமக்காரன்’ என்று போட்டிருக்கிறார்கள். விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர் என்று சங்கீதத்தில் வருமே. எனக்கு மிகவும் பிடித்தது 127ஆம் சங்கீதம்: கர்த்தர் நகரத்தைக் காவாராகில் ‘காவலாளர் விழித்திருக்கிறது விருதா’. ஆங்கிலத்தில் அங்கே ‘வாட்ச்மேன்’ என்று ஒரு சொல்லும், அவன் செய்கிற வேலைக்கு ‘வேக்’ என்று இன்னொரு சொல்லும் ஒரே வரியில் வருகின்றன. வேர்ச்சொல் சொன்ன அக்காளும் தங்கையும் சேர்ந்து நிற்பது போல. எங்கள் சபைகளில் டிசம்பர் 31 ராத்திரி நடக்கும் ஆராதனைக்கு ‘வாட்ச் நைட்’ என்று பெயர். புது வருஷம் பிறக்கும்வரை தூங்காமல் இருப்பதால் அந்தப் பெயர் என்று பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவருக்கு ஆங்கிலமே தெரியாது.

—

தூத்துக்குடி மாலுமி:

சரக்குக் கப்பலில் 20 வருஷத்துக்கு மேல் வாட்ச் பார்த்தவன் நான், இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கப்பலில் ‘வாட்ச்’ என்றால் நேரமும்தான், வேலையும்தான், அந்த நேரத்தில் வேலை செய்யும் ஆட்களும்தான். மூன்றும் ஒரே சொல். 4 மணி நேரம் ஒரு வாட்ச். எங்களில் 8-12 தேர்டு மேட் என்ற மூன்றாம் அதிகாரிக்கு, 12-4 செகண்ட் மேட்டுக்கு, 4-8 சீஃப் ஆபீசருக்கு. பகலில் ஒரு முறை, ராத்திரியில் ஒரு முறை. பாய்மரக் கப்பல் காலத்தில் ஆட்களை இடப்பக்கம் வலப்பக்கம் என்று இரண்டே குழுவாகப் பிரிப்பார்கள். அப்போது நாளுக்கு ஆறு வாட்ச் என்றால் தினமும் அதே ஆட்களுக்கே நடுராத்திரி வாட்ச் விழும், பாவம். அதற்காக மாலை 4 முதல் 8 வரை உள்ள வாட்சை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக உடைத்து ஏழாக்கினார்கள், ஏழு ஒற்றைப்படை என்பதால் முறை தானாக மாறிக்கொண்டே போகும். அந்த இரண்டுக்கும் ‘டாக் வாட்ச்’ என்று பெயர். அரை மணிக்கு ஒரு தரம் மணற்கடிகாரத்தைத் திருப்பி மணியடிப்பார்கள், அடி ஒன்றொன்றாகக் கூடி எட்டு ஆனால் வாட்ச் முடிந்தது.

பார்ப்பது வேறு வாட்ச் வேறு என்பதற்குக் கப்பலே சாட்சி. கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு ‘லுக்அவுட்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறோம். எஞ்சின் ரூமில் இருப்பவருக்குக் கடலே தெரியாது, இரும்புச் சுவர்தான் தெரியும், அவரும் வாட்ச்தான் பார்க்கிறார்.

இன்னொன்று சொல்கிறேன், இது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் ஒரு அலாரம் கட்டாயம் உண்டு. 3 நிமிடத்திலிருந்து 12 நிமிடத்துக்குள் ஓர் இடைவெளி வைத்துக்கொள்ளலாம், அது முடியும்போது விளக்கு மின்னும். வாட்ச் ஆபீசர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் 15 வினாடியில் ஒலி எழுப்பும், அதற்கும் பதில் இல்லை என்றால் வேறு ஆபீசர் அறைக்கோ கேப்டனுக்கோ போய் அடிக்கும். அதன் பெயரிலேயே ‘வாட்ச்’ இருக்கிறது. அந்தக் கருவி கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: முழித்திருக்கிறாயா? 12-4 வாட்சில், இரவு 3 மணிக்கு, கடலும் வானமும் ஒரே கருப்பாக இருக்கும்போது அந்த விளக்கு மின்னினால் மனம் எப்படி இருக்கும் என்பதை எழுதிச் சொல்ல முடியாது. வின்செஸ்டர் வாசலில் நின்ற 6 பேருக்கும் அதே தூக்கம்தான் வந்திருக்கும்.

—

வேர்ச்சொல்:

மாலுமி அண்ணா, அந்த அலாரம் செய்தி எனக்குப் புதிது. மிக்க நன்றி. கைக்கடிகாரக் கேள்விக்கும் அதுவே பாதி விடை. 15ஆம் நூற்றாண்டில் ‘வாட்ச்’ என்ற சொல் தூங்குகிறவரை எழுப்பும் மணிப்பொறிக்கு வழங்கியது. அந்தப் பொறி சிறிதாகிச் சட்டைப்பைக்குள் போனபோது, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெயரும் கூடவே போயிற்று. காவலாளி வைத்திருந்ததால் வந்தது, மாலுமிகளால் வந்தது என்றெல்லாம் கதைகள் உண்டு, ஆனால் எழுப்புகிற பொறி என்ற வழிதான் வலுவானது. ஆக எழுத்தாணியின் நண்பர் சொன்னது சரியில்லை, இருந்தாலும் வேர் ஒன்றுதான்.

விட்டுப்போன ஒன்று. ‘வெய்ட்’, அதாவது காத்திருப்பது. இதுவும் அதே வேர்தான்! ஜெர்மானியச் சொல் வடக்குப் பிரான்சுக்குப் போய், அங்கே காவல் பார்ப்பது என்ற பொருளோடு இருந்து, அப்படியே ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய ஆங்கிலேய நகரங்களில் ‘வெய்ட்ஸ்’ என்று இரவில் குழலூதி நேரம் சொன்ன காவலர்கள் இருந்தார்கள், பிற்பாடு அவர்கள் ஊரின் இசைக்குழுவாகவே மாறிவிட்டார்கள். பதுங்கியிருப்பதற்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘வெய்ட்’ என்ற சொல் வருவது அந்தப் பழைய பொருளில்தான். இப்போது நம் சொல்லைப் பாருங்கள்: காத்திரு. ‘கா’ என்றால் காப்பாற்று, காவல் செய். காத்து இரு என்பது காவலில் இரு என்பதுதான், அதுவே ஒருவருக்காக நேரம் போக்குவதற்கும் ஆகிவிட்டது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல், தனித்தனியாக, காவலிலிருந்து காத்திருப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத சந்தோஷம்.

—

எழுத்தாணி:

கட்டுரையை முழுக்கத் திருத்திவிட்டேன். ‘ஊர் ஆண்கள் முறை வைத்துப் பகற்காவலும் இராக்காவலும் இருந்தார்கள்’. ‘தாய் இரவு முழுக்கக் கண் விழித்துக் கிடந்தாள்’. ‘மூன்றாம் ஜாமத்தில்’. வாட்ச்மேன் வந்த இடத்தில் ஜாமக்காரர். மெய்ப்புப் பார்ப்பவருக்கு நேற்று அனுப்பினேன், இன்று காலையில் வட்டம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டது. வேதவாசகி அக்கா, உங்கள் பாட்டி சொன்னதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா? பெயர் போட மாட்டேன்.

—

வேதவாசகி:

தாராளமாகச் சேருங்கள் தம்பி.